ஓவர்டிரைவ் பெடல் வாங்கும் முன்: வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலக்ட்ரிக் கிட்டார் கையிலெடுத்திருக்கும் இளைஞர்களிடம் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. கிட்டார் ஒலிக்குக் கரகரப்பு ஏற்றும், காலால் மிதிக்கும் சிறு பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். வீடியோவில் கேட்டபோது தேனாக இழைந்த அந்தப் பெடல், காசு சேர்த்து வரவழைத்துக் கல்யாண மேடை மிக்ஸரில் செருகியதும் தகரடப்பாவுக்குள் குளவி புகுந்ததுபோல் இரைகிறது. வந்தது போலி என்று ஒருவர் சொல்கிறார். கிட்டார் சரியில்லை என்கிறார் இன்னொருவர். மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அடுத்த மாதம் வேறொரு பெடல் வருகிறது, அதுவும் அப்படியே இரைகிறது.

பெரும்பாலும் பெடலில் குற்றமில்லை. ஓவர்டிரைவ் பெடல் என்பது ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி. அதற்கு முன்னால் விரலும், கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் இருக்கின்றன. பின்னால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர், அறை, கூட வாசிக்கும் குழு. எந்தப் பெடல் நல்லது என்ற கேள்விக்கு இந்தப் பின்பாதி தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அலையின் தலை இடிக்கும் இடம்

கம்பி அதிரும்போது பிக்கப்பில் பிறக்கும் மின்னலை மிகச் சிறியது. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் சாதாரணமாக ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் இருக்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் அதைவிடக் கூடுதல். இதைப் பெருக்கிக் கொடுப்பதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உயர வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் அலை அப்படியே பெரிதாகும். வரம்பைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும். இதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர்.

பழைய வீடுகளில் சாமான் அறைக்குப் போகும் தாழ்ந்த நிலைவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளை நிமிர்ந்தபடியே உள்ளே போய்விடும். உயரமானவர் வாசலை நெருங்க நெருங்கக் குனிந்து போவார். அலையின் உச்சி இப்படிப் படிப்படியாக வளைந்தால் அது மென் கிளிப்பிங். குனியாமல் போய் நிலையில் மடேர் என்று இடித்துக்கொண்டால் வன் கிளிப்பிங். மென்மையாக மீட்டினால் சுத்தமான ஒலி, அழுத்தி மீட்டினால் கரகரப்பு என்று விரலுக்கு ஏற்ப மாறுவது மென் கிளிப்பிங்கின் இயல்பு. ஓவர்டிரைவ் என்ற சொல் குறிப்பது இதைத்தான். வன் கிளிப்பிங்கை டிஸ்டார்ஷன் என்கிறார்கள். அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே நசுக்கிவிடுவது ஃபஸ். மூன்றுக்கும் இடையில் எல்லைக்கல் எதுவும் நட்டு வைக்கவில்லை, ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டே போகும்.

முதலில் இது கோளாறாகத்தான் பார்க்கப்பட்டது. வால்வு (டியூப் என்றும் சொல்லும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்புகளை முழுச் சத்தத்தில் வைத்தபோது தானாக வந்த கரகரப்பைக் கிட்டார்காரர்கள் விரும்பத் தொடங்கினார்கள். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் அந்தக் கரகரப்புக்காகத் தன் ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கிழித்தார். ஆனால் ஊரே அதிரும்படி வைத்தால்தான் வால்வு ஆம்ப் அந்த நிலைக்கு வரும். அதே குணத்தைக் குறைந்த சத்தத்திலும் பெற, காலால் மிதிக்கும் சிறு பெட்டிகள் வந்தன. ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஓ.டி.-1 ஓவர்டிரைவை 1977இல் வெளியிட்டது. அதையடுத்து, 1970களின் கடைசியில் ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் டி.எஸ்.808 வந்தது. பெயரில் டியூப் இருந்தாலும் உள்ளே வால்வு கிடையாது. ஒரு சின்ன ஐ.சி.யும் இரண்டு டயோடுகளும்தான் உச்சியை வளைக்கின்றன.

அந்த ஐ.சி. 4558. நம்மூர் ரேடியோக் கடையில் அசெம்பிள் செய்து தரும் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த எண்தான். பாஸ், டிரெபிள் போர்டில் எட்டுக்கால் பூச்சிபோல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில்லின் முதுகில் பல நேரம் இதே 4558தான் அச்சிட்டிருக்கும். விலை சில பத்து ரூபாய். நகல் பெடல்கள் ஏன் அவ்வளவு மலிவு, ஏன் அவற்றில் பலவும் அசலுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கின்றன என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

கரகரப்புக்குள் இருக்கும் சுரங்கள்

அலையின் உச்சியை வெட்டினால் கூடுதலாக என்ன வருகிறது? மேற்சுரங்கள் வருகின்றன. தம்பூராவின் மந்தர ஷட்ஜக் கம்பியை மீட்டிவிட்டு உற்றுக் கேட்டால், யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் மேலே மிதப்பது கேட்கும். அது அந்தக் கம்பி அதிர்வின் ஐந்து மடங்கு. ஓவர்டிரைவ் செய்வதும் இதே வேலைதான், ஆனால் மின்சாரத்தால்.

ஸ-வின் அதிர்வெண்ணை ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு மேல் ஸ்தாயி ஸ. மூன்று மடங்கு அதற்கு மேலுள்ள ப. ஐந்து மடங்கு இன்னொரு ஸ்தாயி ஏறி அந்தர காந்தாரம். ஏழு மடங்கு கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எந்தச் சுரஸ்தானத்திலும் உட்காராமல் நிற்கும். மெல்லிய ஓவர்டிரைவில் கீழ் மடங்குகள் மட்டுமே மேலோங்கி இருப்பதால் ஒலி இனிமையாகத் தடிக்கிறது. கெயின், அதாவது பெருக்கும் அளவு, கூடக் கூட, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மேல் மடங்குகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். காதைக் குத்துவது அந்தக் கூட்டம்தான்.

அலையின் மேல் உச்சியையும் கீழ் உச்சியையும் ஒரே அளவில் வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே பிறக்கும். ஏற்றத்தாழ்வாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும், அதாவது மேல் ஸ-வும் வலுக்கும். டியூப் ஸ்க்ரீமர் முதல் வகை. 1981இல் வந்த பாஸ் எஸ்.டி.-1 இரண்டாம் வகை. ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறு பக்கம் ஒன்று. காதுக்கு இந்த வித்தியாசம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. திருகை ஒரு கோடு நகர்த்தினால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது.

ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வாசிக்கும்போதுதான் விஷயம் கூர்மையாகிறது. கிளிப்பிங், இரு சுரங்களின் கூட்டல் அதிர்வெண்ணையும் கழித்தல் அதிர்வெண்ணையும் புதிதாகப் படைக்கும். 220 ஹெர்ட்ஸில் ஸ-வும் 330 ஹெர்ட்ஸில் ப-வும் சேர்த்து வாசித்தால் கழித்தல் 110. அது கீழ் ஸ்தாயி ஸ. எனவே ஸ-ப மட்டும் உள்ள பவர் கார்டு, எவ்வளவு கெயின் வைத்தாலும் கோபுரம்போல் நிற்கிறது. நடுவில் 277 ஹெர்ட்ஸ் காந்தாரத்தைச் சேர்த்து முழு மேஜர் கார்டாக்குங்கள். இப்போது ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் ஒன்றும் 53 ஹெர்ட்ஸ் ஒன்றும் புதிதாகப் பிறக்கின்றன. ஸ-வின் இடம் 55. இரண்டும் அதில் பொருந்தாமல், நொடிக்கு நான்கு முறை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அடியில் சேறு கலங்கியதுபோல் கேட்பது இதுதான்.

மெல்லிசைக் கச்சேரியில் முழு கார்டுகள் வாசிப்பவருக்குக் குறைந்த கெயின் பெடல் வேண்டும் என்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. கணக்கே அப்படி.

பெடல் குடும்பங்கள்

கடையில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருந்தாலும் பெரும்பாலானவை சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். குடும்பத்தை அறிந்துகொண்டால் பெயர்கள் பயமுறுத்தாது.

1. டியூப் ஸ்க்ரீமர் குடும்பம். இதன் மின்சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைப் படிப்படியாகக் குறைக்கிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ஆகவே கீழ்ச்சுரங்கள் அதிகம் வெட்டுப்படாமல் கடந்துவிட, நடுப்பகுதி மட்டும் கரகரக்கிறது. மேற்பகுதியை டோன் சுற்று மழுக்கிவிடுகிறது. மிஞ்சுவது மூக்கால் பேசுவதுபோன்ற ஒரு நடுமேடு. தனியாக அறையில் கேட்டால் அடைத்தாற்போல் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அந்த மேடுதான் கிட்டாரை எல்லோர் காதுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் இதை ஃபெண்டர் ஆம்ப்புகளோடு பயன்படுத்தினார். ஃபெண்டர் ஆம்ப்பில் நடுப்பகுதி இயல்பாகவே குழிந்திருக்கும். பெடலின் மேடு அந்தக் குழியில் சரியாகப் பொருந்தியது. அந்த ஆம்ப் இல்லாதவர் அதே பெடலை வாங்கினால் மேடு மட்டும்தான் கையில் கிடைக்கும்.

2. எஸ்.டி.-1 குடும்பம். முன்னதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். கொஞ்சம் கூர்மை கூடுதல், விலை குறைவு, இரும்புபோல் உழைக்கும். முதல் பெடல் வாங்குபவருக்குத் தயங்காமல் சொல்லலாம்.

3. விரிந்த ஒலிக் குடும்பம். மார்ஷல் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ப்ளூஸ்பிரேக்கர் பெடலும், பாஸின் 1995ஆம் ஆண்டு ப்ளூஸ் டிரைவரும் வேறு வேறு சுற்றுகள். ஆனாலும் வாங்குபவர் கண்ணோட்டத்தில் இரண்டையும் அருகருகே வைக்கலாம். டியூப் ஸ்க்ரீமர்போல் நடுவில் மேடு கட்டாது, கீழ்ச்சுரங்களை ஒதுக்காது, விரலின் அழுத்தத்துக்குச் சட்டென்று பதில் சொல்லும். கிட்டாரின் வால்யூம் திருகைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தாலே கரகரப்பு கரைந்து சுத்த ஒலி வந்துவிடும். ப்ளூஸ் டிரைவரில் மேற்பகுதி சற்றுத் தூக்கலாக இருக்கும், டோனைக் குறைத்தே தொடங்க வேண்டும்.

4. க்ளான் குடும்பம். பில் ஃபின்னகன் என்ற அமெரிக்கர் 1994இல் விற்கத் தொடங்கிய க்ளான் சென்டார் இதன் மூலம். ஜெர்மேனியம் டயோடுகளால் வெட்டிய ஒலியோடு வெட்டாத ஒலியையும் கலந்து தரும். உள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்வதால் உச்சவரம்பு அதிகம். அசல் பெடல் இன்று பழைய சந்தையில் லட்சக்கணக்கில் விலை போகிறது. அந்த விலை அரிய பொருளுக்கான விலை. ஒலிக்குத் தேவையானதை நகல்களே தந்துவிடும். இதன் உண்மையான பலம், ஏற்கெனவே கரகரக்கும் ஆம்ப்பை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவது. சுத்தமான மிக்ஸரில் செருகி இதன் பெருமையைத் தேடினால் கிடைக்காது.

மறுமுனை: தேர்வு உண்மையில் நடக்கும் இடம்

முதலில், உங்களிடம் வால்வு ஆம்ப் இருந்தால். இரண்டு வழிகள் உண்டு. ஆம்ப்பைச் சுத்தமாக வைத்துப் பெடலையே கரகரக்க விடலாம். அல்லது ஆம்ப்பை வெட்டும் விளிம்பில் நிறுத்தி, பெடலில் டிரைவ் (கரகரப்பு) திருகைக் குறைத்து லெவல் (சத்தம்) திருகை ஏற்றி, வால்வுகளைத் தள்ளலாம். ஒலி அதிகம் அழகாவது இரண்டாவது வழியில்தான். டியூப் ஸ்க்ரீமரும் க்ளானும் பெயர் வாங்கியதும் இப்படித்தான்.

அடுத்து, வீட்டுப் பயிற்சிக்கான 10, 20 வாட் சாலிட் ஸ்டேட் (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர்) ஆம்ப். இதில் ஸ்பீக்கர் சிறியது, கீழ்ச்சுரம் ஏற்கெனவே மெலிவு. அதில் டியூப் ஸ்க்ரீமரைச் செருகினால் எலும்பு மட்டும் மிஞ்சும். மூன்றாவது குடும்பம் இதற்குப் பொருந்தும். ஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷன் சேனல் இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சுத்த சேனலில் பெடலை வையுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வெட்டின் மேல் இன்னொரு வெட்டை அடுக்கினால் நயம் கூடாது, இரைச்சல்தான் கூடும்.

மூன்றாவது நிலைமைதான் நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு. ஆம்ப் கிடையாது. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, கிட்டாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து நேராக மைக்செட் மிக்ஸர். குளவி பிறப்பது இங்கேதான். காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று சரிந்துவிடும். அதற்கு மேலே கேட்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஓவர்டிரைவ் படைக்கும் காதைக் குத்தும் மேல் மடங்குகளை அந்த ஸ்பீக்கர் வடிகட்டிபோல் தடுத்துவிடுகிறது. நாம் இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய கிட்டார் கரகரப்பில் பெரும்பாலானது இந்த வடிகட்டி வழியாக வந்ததுதான். மைக்செட் ஸ்பீக்கர் பெட்டிகளிலோ பாடகரின் குரல் பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காக ஹார்ன், ட்வீட்டர் எல்லாம் இருக்கும். 15,000 ஹெர்ட்ஸ் வரை தயங்காமல் கொட்டும். வடிகட்டி இல்லாத டிகாஷனைத் தூளோடு குடிப்பதுபோல, வெட்டுப்பட்ட அலையின் எல்லா முனைகளும் அப்படியே காதுக்கு வந்துவிடுகின்றன.

இதற்கு எந்தப் பிராண்டு ஓவர்டிரைவும் மருந்தாகாது. மருந்து ஸ்பீக்கரின் இடத்தை நிரப்பும் ஏதோ ஒன்று:

1. மேடையில் ஒரு சிறு கிட்டார் ஆம்ப்பை வைத்து, அதன் முன்னால் மைக் வைத்து எடுப்பது. பழைய முறை, இன்றும் நம்பகமானது.

2. ஓவர்டிரைவுக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஸ்பீக்கர் சிமுலேட்டர். ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஐ.ஆர். பெடல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்கு அனுப்பும் எண்ணம் புதிதல்ல. 1989இலேயே அமெரிக்காவின் டெக் 21 நிறுவனம் சான்ஸ்ஆம்ப் என்ற பெட்டியை இதற்கென்றே கொண்டுவந்தது.

3. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் ஒலித்தன்மையையும் உள்ளே கொண்ட மல்டி எஃபெக்ட்ஸ். ஒரே பெட்டியில் முடித்துக்கொள்ள விரும்பும் கச்சேரிக்காரருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கையில் இருக்கும் ஓவர்டிரைவை அதன் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

4. எதுவும் இல்லையென்றால், மைக்செட்காரரிடம் சொல்லி உங்கள் சேனலின் ஹை திருகை முழுவதும் இறக்கச் சொல்லுங்கள். பெடலில் டோனும் டிரைவும் பாதிக்குக் கீழே. முழுத் தீர்வல்ல, ஆனால் அன்றைய கச்சேரி பிழைத்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு புதிர்: பெடலை அணைத்ததும் கிட்டார் மங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது என்பார்கள். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10,000 ஓம் அளவில் இருக்கும். கிட்டார் பிக்கப் எதிர்பார்ப்பதோ பத்து லட்சம் ஓம். பெடல் ஓடும்போது அது நடுவில் நின்று இந்த இடைவெளியை இட்டு நிரப்பிவிடும். அணைத்ததும் மின்னலையை எதுவும் செய்யாமல் நேராகக் கடத்திவிடும் ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்தால் பிக்கப் நேராக மிக்ஸரில் மாட்டிக்கொண்டு, உயர் சுரங்களை இழக்கிறது. பாஸ் பெடல்களிலும் டியூப் ஸ்க்ரீமரிலும் உள்ள பஃபர் என்ற சிறு சுற்று, அணைத்த நிலையிலும் இந்தக் காவலைச் செய்யும். ட்ரூ பைபாஸ் என்றால் உயர்தரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மிக்ஸருக்கு நேராகப் போகிறவருக்கும், 6 மீட்டர், 10 மீட்டர் என்று நீள வயர் இழுப்பவருக்கும் பஃபர் உள்ள பெடல்தான் நல்லது.

ஆத்தங்குடித் தரையும் அடர்ந்த கூட்டமும்

அறையும் சங்கிலியில் ஒரு கண்ணிதான், செட்டிநாட்டு வீட்டில் இது கூடுதலாகவே உண்மை. ஆத்தங்குடி சிமெண்ட் ஓடு பதித்த தரை, சுண்ணாம்புச் சாந்து குழைத்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர், உயர்ந்த கூரை. ஒலியைக் குடிக்கும் பொருள் அங்கே மிகக் குறைவு. பட்டாலைக் கூடத்தில் ஆம்ப்பை வைத்து வாசித்தால் மேற்சுரங்கள் சுவருக்குச் சுவர் தாவிக்கொண்டே இருக்கும். ஓவர்டிரைவ் மேற்சுரங்களை அதிகமாகப் படைப்பதால் சுத்த ஒலியைவிட அதுதான் இங்கே அதிகம் கூசும். அதே ஆம்ப்பை வளவு முற்றத்துக்குக் கொண்டுபோனால் மேலே வானம் திறந்திருக்கிறது, பாதி ஒலி ஏறிப் போய்விடும். பெடல் மாறாமலே வேறு பெடல்போல் கேட்கும்.

வீட்டில் சரிசெய்யும் வழி எளிது. ஆம்ப்புக்கு முன்னால் தரையில் ஜமக்காளம் விரியுங்கள், இரட்டை மடிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஆம்ப் எதிர்ச்சுவரை நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்ந்து திரும்பியிருக்கட்டும். முழங்காலை நோக்கி ஒலிக்கும் ஆம்ப்பின் சத்தம் நின்று வாசிப்பவர் காதுக்கு மழுங்கித்தான் வரும். நாற்காலி மேல் தூக்கி வைத்துக் கேட்டபிறகு டோன் திருகைத் தொடுங்கள்.

குரலோடு மோதாமல்

குரலில் சொற்களைப் புரியவைக்கும் முக்கியப் பகுதி சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. டியூப் ஸ்க்ரீமரின் மேடும் அங்கேதான் இருக்கிறது. பாடகருக்குப் பின்னால் தாளக் கட்டோடு கார்டு வாசிக்கும்போது அந்த மேடு வரிகளை மூடிவிடும். பாட்டின் இடையிசையில் தனி வாசிப்பு வரும்போது அதே மேடு வரம். ஆகவே கச்சேரிக்காரருக்கு இரண்டு குறைந்த கெயின் பெடல்கள், ஒரு அதிக கெயின் பெடலைவிடப் பயன் தரும்: எப்போதும் ஓடும் விரிந்த ஒலிப் பெடல் ஒன்று, தனி வாசிப்புக்கு மட்டும் மிதிக்கும் நடுமேட்டுப் பெடல் ஒன்று.

கர்நாடக சங்கீதம் வாசிப்பவருக்கு வேறொரு கணக்கு. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற காரைக்குடி சகோதரர்களால் இந்த ஊரின் பெயரே வீணையோடு ஒட்டிக்கொண்டது. வீணையின் உயிர் மீட்டில் இருக்கிறது, அழுத்த வேறுபாட்டில் இருக்கிறது. ஓவர்டிரைவ் ஒலியை நீட்டித் தருவதால் ஒரே மீட்டில் நீண்ட கமகம் இழைக்கலாம், அது பெரிய லாபம். அதே வேகத்தில் பெரிய மீட்டையும் சிறிய மீட்டையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடும், அது பெரிய நஷ்டம். கிட்டார் பிரசன்னா போன்றவர்கள் எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை முழுமையாக நிற்கும் என்று நிறுவியிருக்கிறார்கள். அந்தப் பாதையில் போகிறவர் டிரைவ் திருகை ஒன்பது மணி முள்ளைத் தாண்டவிடாமல், மூன்றாவது குடும்பத்திலிருந்தே எடுக்கலாம்.

மின்சாரம்

பெரும்பாலான ஓவர்டிரைவ்களுக்கு 9 வோல்ட் போதும். டியூப் ஸ்க்ரீமர், எஸ்.டி.-1 போன்றவை 10 மில்லிஆம்பியரைக்கூட எட்டுவதில்லை. அடாப்டர் முனையின் நடுவில் எதிர்மின் முனை இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டர்களில் பலவற்றில் நடுவில் நேர்மின் முனை. மாற்றிச் செருகினால் பெடல் கெட்டுப்போகலாம். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். வயர் செருகியிருக்கும் வரை, விளக்கு எரியாவிட்டாலும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டபங்களில் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் உறுமலைக் கிளப்பும். சிங்கிள் காயில் பிக்கப் அதை இழுத்துக்கொள்ளும், ஓவர்டிரைவ் பெருக்கிக் காட்டும். உறுமலை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கிட்டார் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. அது இல்லாமல் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது உயிருக்கே ஆபத்தான ஷாக் அடிக்கலாம். மேடை ஏறியதும் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் வயரைச் செருக வேண்டும். உறுமலுக்குச் சரியான வழி, விளக்கு வயர்களிலிருந்து தள்ளி நிற்பதும், டிரைவைக் குறைப்பதும், தேவையானால் ஹம்பக்கருக்கு மாறுவதும்.

வாங்கப் போகும்போது

திருச்சிக்கோ மதுரைக்கோ 90 கிலோமீட்டர் போய்க் கேட்டு வாங்க முடிந்தால் போய்விடுங்கள். போகும்போது இந்த வரிசை உதவும்.

1. உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துப் போங்கள். கடையின் ஹம்பக்கர் கிட்டாரில் இனித்தது உங்கள் சிங்கிள் காயிலில் மெலியும்.

2. நீங்கள் மிக்ஸரில் வாசிப்பவர் என்றால் கடையிலும் மிக்ஸரில் செருகிக் கேளுங்கள். கடையின் வால்வு ஆம்ப்பில் கேட்டு வாங்குவதுதான் ஏமாற்றத்தின் முதல் படி.

3. பெடல் அணைத்த சத்தமும் போட்ட சத்தமும் சமமாகும்படி முதலில் லெவலை வையுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலும் காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும்.

4. முழு கார்டு ஒன்று, பவர் கார்டு ஒன்று, ஒற்றைக் கம்பியில் ஒரு நீண்ட கமகம். மூன்றையும் மெல்லவும் அழுத்தியும். பிறகு கிட்டார் வால்யூமை ஆறுக்கு இறக்கி மறுபடி. இதில் எங்கே சேறு கலங்குகிறது என்று கவனியுங்கள்.

5. அசலும் நகலும் அருகருகே இருந்தால், எது எது என்று பார்க்காமல் நண்பரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். வித்தியாசம் கேட்கவில்லையென்றால் நகலை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை ஸ்பீக்கர் சிமுலேட்டருக்கு வையுங்கள். நகலில் பார்க்க வேண்டியது மிதிக்கும் சுவிட்சும் ஜாக்குகளும். ஒலியைவிட அவைதான் சீக்கிரம் பழுதாகும்.

6. வீட்டுக்கு வந்ததும் பட்டாலையில் ஒரு முறை வாசித்து, டோன் திருகு நிற்கும் இடத்தைச் சிறு ஸ்டிக்கரால் குறித்து வையுங்கள். முதல் கச்சேரியில், ஆள் நிறைந்த மண்டபத்தில் இன்னொரு குறி. உட்கார்ந்திருக்கும் கூட்டமும் அவர்களின் துணிமணிகளும் மேற்சுரங்களைக் குடித்துவிடுவதால், இரண்டாவது குறி சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கும். காலி மண்டபத்தில் சவுண்ட் செக் பார்க்கும்போது கொஞ்சம் கூசினாலும் அங்கேயே விட்டுவிடுங்கள்.